குற்றாலத்தில் நாடகம் எதுவும் நடக்கவில்லை

ஒரு சட்டமன்ற உறுப்பினர் அணி மாறினால் ‘அரசியல் நாடகம்’ என்று எழுதுகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து மலையடிவாரத்து விடுதியொன்றில் போய்த் தங்கினால் ‘நாடகத்தின் அடுத்த காட்சி’ என்கிறார்கள். ஒருவர் கண்ணீர் விட்டால் உச்சக்காட்சி. அவரே மறுவாரம் சிரித்தால் திருப்பம். நாளிதழ்க்காரர்கள் இப்படி எழுதுவதில் நமக்கு வியப்பில்லை. தலைப்புக்கு அவர்களிடம் இடம் குறைவு. நம் வருத்தமெல்லாம் இலக்கியம் பயின்றோர் மீதுதான். நாடகம் என்ற சொல்லின் எடையை அறிந்தவர்கள், மேக்பெத்தையும் வழக்குரை காதையையும் வகுப்பில் நடத்துகிறவர்கள், அதே சொல்லை அதே அலட்சியத்தோடு கையாள்கிறார்கள். இக்கட்டுரை அந்த அலட்சியத்துக்கு எதிரானது.

நாம் சொல்ல வருவது எளியது. 2018 அக்டோபரில் குற்றாலத்தில் நடந்ததை நாடகம் என்று சொல்லத் தகாது. நாடகமாகியிருக்க வேண்டிய ஒன்று அங்கே நடந்தது. அதை நாடகமாக்கும் பொறுப்பு தமிழ் எழுத்தாளருக்கு இருந்தது. அவரோ ஒரு சிரிப்போடு நகர்ந்துவிட்டார்.

மறதி நம் மண்ணில் விரைந்து வளரும் பயிர். ஆகவே நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுவோம்.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். 2017 பிப்ரவரி 5 அன்று அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராக வி.கே. சசிகலா தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்துப் பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் கண்மூடி அமர்ந்து எழுந்து, தம்மைக் கட்டாயப்படுத்திப் பதவி விலகச் செய்தார்கள் என்றார். உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிப்ரவரி 14 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவைக் குற்றவாளி என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றே எடப்பாடி கே. பழனிசாமி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 16-ஆம் தேதி முதலமைச்சராகி, 18-ஆம் தேதி 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு வென்றார்.

எதிர்த்து வாக்களித்த அந்தப் பதினோரு பேர் ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, அணிகள் இணைந்தபோது ஆளுங்கட்சிக்குத் திரும்பினார்கள். பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். அதற்கு மறுநாள், ஆதரித்து வாக்களித்தவர்களில் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் மீது தாங்கள் நம்பிக்கை இழந்துவிட்டதாகத் தனித்தனியே கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்றவர்கள். ஒருவர் திரும்பிப் போய்விட்டார். மற்ற பதினெட்டுப் பேர் புதுச்சேரியிலும் குடகிலும் விடுதிகளில் தங்கினார்கள். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் அளித்தார்கள். மூன்றாம் நீதிபதியிடம் வழக்கு சென்றது. அவருடைய தீர்ப்பு நெருங்கிய நாட்களில்தான் அந்தப் பதினெட்டுப் பேரில் பலர் நம் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது தினகரனின் அ.ம.மு.க.வில் இருந்த முன்னாள் அமைச்சர் இசக்கி சுப்பையாவின் விடுதியில் தங்கினார்கள். தாமிரபரணியில் மகா புஷ்கரம் நடந்த மாதம் அது. புனித நீராட வந்தோம் என்றும் சொல்லப்பட்டது. அக்டோபர் 25 அன்று நீதிபதி எம். சத்தியநாராயணன் தகுதிநீக்கம் செல்லும் என்றார். வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அந்த வாரம் நமக்குக் கிடைத்த எழுத்து என்ன? அருவிக் குளியல் பற்றிய கேலிப்படங்கள். எண்ணெய்க் குளியல் பற்றிய துணுக்குகள். ‘சாரல் காலம் முடிந்த பிறகு வந்தவர்கள்’ என்ற ஒரு நல்ல நகைச்சுவை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

*

நாடகம் என்றால் என்ன? இலக்கணம் பேசும் நோக்கம் நமக்கில்லை. எந்த மொழியானாலும் பேராசையைப் பற்றிய நல்ல நாடகங்களில் மூன்று பொருள்கள் இருப்பதைப் படித்தவர் எவரும் அறிவர். ஒருவன் ஒன்றை விரும்புகிறான். அதற்காக ஒரு விலை கொடுக்கப்படுகிறது. கொடுத்த விலை என்னவென்று அவனுக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிடுகிறது. மேக்பெத்தின் கொடுமை அவன் கொன்றான் என்பதில் முடிவதில்லை. தான் எதைக் கொன்றோம் என்று அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. மதுரைப் பாண்டியன் பெருமை பெறுவதும் அதனால்தான். சிலம்பு உடைந்து பரல் தெறித்த கணத்தில் அவன் தன் பிழையை முழுதாகக் காண்கிறான். கண்டபின் அவனால் உயிரோடு இருக்க இயலவில்லை.

குற்றாலத்து விடுதியில் முதற்பொருள் இருந்தது. விருப்பம் நிறையவே இருந்தது. இரண்டாவதும் இருந்தது, ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் அந்த விடுதியில் இல்லை. மூன்றாவது இருந்ததா என்பதை எவரும் விசாரிக்கவில்லை. நடந்ததை நாடகம் என்று நாம் அழைக்கும்போது என்ன செய்கிறோம்? மூன்றாம் பொருள் இல்லாமலேயே முழுப் பட்டத்தையும் கொடுத்துவிடுகிறோம். கூடவே நமக்கும் ஒரு வசதியான இருக்கையை ஒதுக்கிக்கொள்கிறோம். நாடகம் என்று ஒன்று நடந்தால் நாம் பார்வையாளர். பார்வையாளருக்குப் பொறுப்பு ஏது?

யார் விலை கொடுத்தார்கள் என்று பார்ப்போம். 234 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். பதினெட்டு நாற்காலிகளை அகற்றிவிட்டால் 109 போதும். கணக்கு எளிது. அந்தப் பதினெட்டு நாற்காலிகளும் 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை காலியாகவே கிடந்தன. இருபது மாதம்! அவற்றில் எட்டு, தனித் தொகுதிகள்: பூந்தமல்லி, குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, மானாமதுரை, பெரியகுளம், பரமக்குடி, ஒட்டப்பிடாரம். ஆலயத்துக்குள்ளும் அவைக்குள்ளும் இடம் கேட்டு நீண்ட காலம் போராடிய மக்களுக்குச் சட்டம் ஒதுக்கிய இடங்களில் எட்டு, இருபது மாதம் ஆளில்லாமல் கிடந்தன என்பது நம் இலக்கிய மேடைகளில் ஒரு நாளாவது பேசப்பட்டதா?

இன்னொன்றும் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் இறந்தார்கள். அந்த மாவட்டத்தில் உள்ள ஆறு தொகுதிகளில் ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் ஆகிய இரண்டுக்கும் அன்று உறுப்பினர் இல்லை. இருந்திருந்தால் துப்பாக்கி வெடித்திராது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் மாவட்டமே இழவு வீடாக இருந்தபோது, இரண்டு தொகுதி மக்கள் தம் பெயரால் அவையில் எழுந்து கேட்க ஓர் ஆளில்லாமல் நின்றார்கள். இது குற்றால அருவியில் எவர் குளித்தார் என்பதைவிட எழுதத் தகுந்த செய்தி.

*

பணம் கைமாறியதா என்பது நம் வினா அன்று. அது புலனாய்வு செய்வோர் வேலை. எழுத்தாளனின் வினா வேறு. இந்த வழக்கில் அறத்தின் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பதே அது. பார்க்க விரும்புவோருக்கு அந்த முடிச்சு வெளிப்படையாகவே கிடக்கிறது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் ஏன் வந்தது? 1967-இல் அரியானாவில் கயா லால் என்னும் உறுப்பினர் குறுகிய நாட்களில் மும்முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற வழக்கு இந்தி அரசியலில் அவரால் பிறந்தது. 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சியிலிருந்து தானாக விலகுகிறவன் பதவியை இழப்பான். முடிவு செய்பவர் பேரவைத் தலைவர். நோக்கம் நல்லது. ஆனால் பேரவைத் தலைவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் வென்று வந்தவர்தாமே!

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. எம்.ஜி.ஆர். மறைந்த சில வாரங்களில், 1988 ஜனவரி 28 அன்று, ஜானகி அம்மையாரின் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவைக்குள்ளேயே அடிதடி நடந்தது. காவலர்கள் உள்ளே வந்தார்கள். அன்று பேரவைத் தலைவர் இருக்கையில் இருந்தவர் நம் நெல்லைச் சீமையின் சேரன்மகாதேவித் தொகுதிக்காரரான பி.எச். பாண்டியன். அவர் அன்று ஜெயலலிதாவுக்கு எதிரணியில் நின்றவர். 2017 பிப்ரவரியில் பன்னீர்செல்வத்தின் பக்கம் நின்று ஜெயலலிதாவின் பெயரால் பேசியவரும் அவரே. ஒரே மனிதர், இரண்டு மரணங்கள், இரண்டு நிலைகள். இடையில் ஓடிய முப்பது ஆண்டுகளை எழுத ஒரு நாவலாசிரியர் போதும். அவர் வரவில்லை.

பதினெட்டுப் பேர் வழக்குக்குத் திரும்புவோம். நாங்கள் கட்சியை விட்டு விலகவில்லை, முதலமைச்சரைத்தான் மாற்றச் சொன்னோம் என்றார்கள் அவர்கள். ஆளுநரிடம் போனதே விலகல்தான் என்றார் பேரவைத் தலைவர். பேரவைத் தலைவர் எடுத்த முடிவு எடுக்கக்கூடிய முடிவுதான், அதில் நீதிமன்றம் தன் கருத்தை வைக்க இயலாது என்றார் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி. அந்த முடிவு உள்நோக்கம் கொண்டது, இயற்கை நீதிக்கு மாறானது என்றார் நீதிபதி எம். சுந்தர். ஒரே ஏடு, அதைப் படித்த இருவர் நேரெதிர் முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு பக்கம், பிப்ரவரியில் அரசை வெளிப்படையாக எதிர்த்து வாக்களித்த பதினோரு பேருக்குத் தகுதிநீக்கம் வரவில்லை. கடிதம் கொடுத்தவர்களுக்கு வந்தது.

ஆக, பதினெட்டுப் பேரும் சமமற்ற நீதிக்கு ஆளானவர்கள். அதே நேரத்தில், ஆறு மாதத்துக்கு முன் தாம் கைதூக்கி உயர்த்திய முதலமைச்சரை, தம் தலைமைக்கு அங்கே இடமில்லை என்று ஆனபின் ‘நம்பவில்லை’ என்றவர்கள். அநீதி இழைக்கப்பட்டவர்கள் நீதிமான்களாக இருக்க வேண்டியதில்லை என்ற உண்மை இங்கே கண்முன் நிற்கிறது. இதைவிடச் சிக்கலான பொருளை எந்த நாடகாசிரியன் தேடிப் போவான்? இதைப் போய் அருவிக் குளியல் துணுக்காக்கிவிட்டோம்.

*

இந்தச் சிரிப்பை நமக்குக் கற்றுக்கொடுத்தவை எவை? இரண்டைச் சொல்லலாம். ஒன்று, சோவின் ‘முகமது பின் துக்ளக்’. 1968-இல் மேடையேறி 1971-இல் படமாயிற்று. இன்னொன்று, 1994-இல் மணிவண்ணன் எடுத்த ‘அமைதிப்படை’. இரண்டின் துணிச்சலையும் நாம் மறுக்கவில்லை. முதலாவது, ஆட்சியிலிருப்போரைக் கூசாமல் கேலி செய்தது. இரண்டாவதில் அமாவாசையாக நடித்த சத்யராஜ், கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கியவன் சட்டமன்ற உறுப்பினராகும் கதையை அச்சம் தரும் அளவுக்கு நம்பும்படி செய்தார். ஆனால் முப்பதாண்டு, ஐம்பதாண்டு கழித்து அவை நம்மிடம் விட்டுச் சென்றது என்ன? அரசியலுக்கு வருகிறவன் முதல் காட்சியிலேயே கயவன் அல்லது கோமாளி என்ற நம்பிக்கை. அமாவாசைக்கு இழக்க ஒன்றுமில்லை. ஆகவே அவன் எதையும் இழப்பதில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், ‘நல்ல வேளை, நாம் அவன் இல்லை’ என்று எழுந்து வீட்டுக்குப் போகிறோம்.

துக்ளக்கையே எடுத்துக்கொள்வோம். சோவின் நாடகத்துக்கு நான்காண்டு முன்னதாக, 1964-இல், கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் ஒரு ‘துக்ளக்’ எழுதினார். அவருடைய சுல்தான் கற்றவன், கனவு காண்பவன், சமயங்களுக்கிடையே சமநீதி வேண்டியவன். அவன் கைகளில் குருதி படிவதை நாம் படிப்படியாகப் பார்க்கிறோம், அவனும் பார்க்கிறான். இரு மொழிகளும் ஒரே மன்னன் பெயரை எடுத்தன. ஒன்று சிரித்தது. மற்றது நடுங்கியது. நடுக்கம் தந்த நாடகம் இந்தியா முழுவதும் மேடையேறியது. நமக்குச் சிரிப்பே பழக்கமாயிற்று.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சாகும். இந்திரா பார்த்தசாரதி ‘சுதந்திர பூமி’ எழுதினார். தில்லியில் செல்வாக்குள்ள ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து அதிகாரத்தின் படிகளில் ஏறும் படித்த இளைஞன் அதில் வருகிறான். அவர் ‘ஔரங்கசீப்’ நாடகமும் எழுதினார். 1997-இல் மணிரத்னம் ‘இருவர்’ எடுத்தார். இவை விதிவிலக்குகள் என்பதே நம் குறை. அண்ணாவும் கலைஞரும் மேடை நாடகமும் திரைவசனமும் எழுதி வளர்ந்த இயக்கம் இது. எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா மூவரும் நடிப்புத் தொழிலிலிருந்து வந்தவர்கள். நாடகத்தின் வழியாக ஆட்சிக்கு வந்த நாடு, ஆட்சியைப் பற்றிய நாடகத்தை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எழுதியிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் மேக்பெத்தை ‘மகபதி’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மகபதிக்கு இங்கே ஊரும் தொகுதியும் கொடுக்க அவருக்குப்பின் எத்தனை பேர் முயன்றார்கள்?

*

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். நண்பர்கள் நேர்ப்பேச்சில் சொல்வதுதான்.

முதல் மறுப்பு: ‘அன்றாட அரசியல் செய்தித்தாளுக்கு உரியது, இலக்கியம் காலங்கடந்ததைப் பேச வேண்டும்.’ கேட்க அழகாக இருக்கிறது. ராபர்ட் பென் வாரன் 1946-இல் ‘ஆல் தி கிங்ஸ் மென்’ நாவலை எழுதியபோது, லூசியானாவின் ஹூயி லாங் சுட்டுக் கொல்லப்பட்டுப் பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அது அன்றாட அரசியல்தான். ஆனால் அந்நாவலின் உயிர் வில்லி ஸ்டார்க் என்னும் தலைவனிடம் மட்டும் இல்லை. அவனுக்காக எதிரிகளின் பழைய அழுக்கைத் தோண்டித் தரும் ஜாக் பர்டன்தான் கதைசொல்லி. வரலாறு படித்தவன், நல்ல குடும்பத்தவன், தான் செய்வது என்னவென்று அறிந்தவன். அவன் தோண்டிய ஓர் அழுக்கு அவனுடைய சொந்தத் தந்தையைக் கொன்றுவிடுகிறது. தலைவனின் பேராசையைவிடப் படித்தவனின் சமரசம் ஆழமானது என்று வாரன் கண்டுகொண்டார். அதனால்தான் அந்நாவல் காலங்கடந்தது.

நம் ஊர் ஜாக் பர்டன்கள் யார்? தமிழ்த்துறைகளை நோக்கிக் கைநீட்டாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. தலைவரின் பிறந்தநாள் கவியரங்கில் அவரைச் சோழனென்றும் பாண்டியனென்றும் பாடிவிட்டு, துணைவேந்தர் பதவிக்கும் விருதுக்குழுவுக்கும் காத்திருக்கும் புலமை ஒன்று இங்கே வளர்ந்திருக்கிறது. ஆட்சி மாறியதும் பாட்டுடைத் தலைவரின் பெயர் மாறும், யாப்பு மாறாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் கவியரங்கத்துக்குப் பொருந்தாது என்பது தமிழ்ப் புலவர்களின் நல்லூழ். இத்தகைய ஒருவரைக் கதைசொல்லியாக வைத்துக் குற்றாலத்து இரவை எழுதினால் அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் மறுப்பு இன்னும் பழையது: ‘எல்லாரும் அப்படித்தான், இதில் எழுத என்ன இருக்கிறது?’ இது விவேகத்தின் குரல்போல ஒலிக்கும் சோம்பல். எல்லாரும் அப்படித்தான் என்றால் எவரையும் தனித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பதினெட்டுப் பேரும் ஒரே ஆள் இல்லை. அவர்களில் அமைச்சராக இருந்தவர் உண்டு; தனித் தொகுதியில் வென்ற பெண் உறுப்பினர் உண்டு. கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பிப் போன பத்தொன்பதாமவரும் உண்டு. ஒரே கடிதத்தில் ஒரே சொற்களை எழுதியவர்கள் ஒரே காரணத்துக்காக எழுதினார்கள் என்று எவர் சொல்ல முடியும்?

கற்பனையாகவே ஓர் உறுப்பினரை வைத்துக்கொள்வோம். முதல்முறை வென்றவர். கட்சி கொடுத்த சீட்டில் வென்றாரே அன்றி, சொந்தச் செல்வாக்கு என்று ஒன்று இல்லாதவர். தலைமை இறந்துவிட்டது. இரண்டு பக்கமும் ‘அம்மாவின் பெயரால்’ அழைக்கிறார்கள். ஒரு பக்கம் போனார். பதின்மூன்று மாதமாகச் சம்பளமில்லை. ஊருக்குப் போனால் குடிநீர்த் தொட்டி எங்கே என்று கேட்கிறார்கள். ஐப்பசி மாதம், சாரல் ஓய்ந்துவிட்டது, வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவில்லை. மலையை ஒட்டிய விடுதியின் தாழ்வாரத்தில் அவர் உறக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறார். நாளை தீர்ப்பு. பக்கத்து அறையில் ஒருவர் கைப்பேசியில் மெல்லிய குரலில் பேசுவது கேட்கிறது. அவர் எந்தக் கட்சியோடு பேசுகிறார் என்று இவருக்கு ஐயம். தமக்கும் அப்படி ஓர் அழைப்பு வரக்கூடாதா என்று ஒரு கணம் ஏங்குகிறார். அந்த ஏக்கத்தைத் தாமே கண்டு கூசுகிறார். இங்கேதான் மூன்றாம் பொருள் பிறக்கிறது. அதைப் பிறப்பிக்கும் கடமை உறுப்பினருக்கு இல்லாமல் போகலாம். எழுத்தாளனுக்கு உண்டு.

*

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘உண்மையிலேயே ஓர் அரசன் இதற்காகச் செத்துப்போவானா?’ ஆண்டுதோறும் கேள்வியில் கேலியின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. அவர்களைக் குறை சொல்ல நாம் தயாராயில்லை. ஆட்சியாளன் தன் தவற்றை உணர்வதை அவர்கள் செய்தியில் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததில்லை, தற்காலத் தமிழ்க் கதையிலும் படித்ததில்லை. இருபது வயதில் ஒருவனுக்கு ‘அரசியல்வாதிக்கு மனசாட்சி’ என்பது நகைச்சுவைத் தொடராகத் தோன்றினால், இளங்கோவடிகள் அவனுக்குப் புரியப் போவதில்லை. சிரிப்பின் விலையைப் பழந்தமிழ் இலக்கியமும் சேர்த்தே கொடுக்கிறது.

அவ்வகுப்பை முடித்துவிட்டு மாணவர்களிடம், தென்காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டைப் பாருங்கள் என்று சொல்வது வழக்கம். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில், பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கோயிலை எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். அவன் பெயரால் அங்கே பாடல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று சொல்வதன் சாரம் இது: இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் பழுது நேர்ந்து, எவரேனும் அதைச் சரிசெய்தால், அவர் யாராக இருந்தாலும் அவர் காலில் நான் விழுகிறேன். தன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை அம்மன்னனுக்கும் இருந்தது. இல்லாவிட்டால் கல்லில் வெட்டியிருக்க மாட்டான். ஆனால் தன் ஆட்சி முடியும் என்பதும், தன் செயல் தனக்குப் பின் வருவோரின் கருணையில் நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் கோபுரம் சிதைந்தது. 1990-இல் புதிய இராசகோபுரம் குடமுழுக்குக் கண்டது. முகம் தெரியாத எவர் எவரோ அந்த வணக்கத்துக்கு உரியவரானார்கள்.

பதவியில் இருப்பவர் காலில் விழுவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பதவியில் இருப்பவன் இன்னும் பிறவாதவர் காலில் விழுந்த ஊர் இது. அந்தக் கோபுரத்திலிருந்து சில கல் தொலைவில்தான் 2018-இன் விடுதி இருந்தது. பேராசைக்கும் பெருவிருப்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எழுத விரும்புகிறவர் வெளியூர் போக வேண்டியதில்லை.

*

பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடலாம். கதையின் கடைசிப் பகுதி எந்தக் கற்பனையையும் விஞ்சுகிறது. பதினெட்டுப் பேரும் மேல்முறையீட்டைக் கைவிட்டார்கள். செந்தில் பாலாஜி 2018 டிசம்பரில் தி.மு.க.வில் சேர்ந்தார், 2021-இல் அமைச்சரானார். காலியான தொகுதிகளுக்கு 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இடைத்தேர்தல் நடந்தது. இடைத்தேர்தல் கண்ட 22 இடங்களில் தி.மு.க. 13-ஐயும் அ.தி.மு.க. 9-ஐயும் பெற்றன. அ.ம.மு.க.வுக்கு ஒன்றும் இல்லை, ஆட்சி நிலைத்தது. 2019 ஜூனில் தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க.வுக்குப் போனார். ஜூலையில் இசக்கி சுப்பையா அ.தி.மு.க.வுக்குத் திரும்பினார், 2021-இல் அம்பாசமுத்திரத்தின் உறுப்பினரானார். 2022 ஜூலையில் அ.தி.மு.க. பொதுக்குழு பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. 2024 மக்களவைத் தேர்தலில் தேனியில் இருவர் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் டி.டி.வி. தினகரன். மற்றவர், அவருக்காகப் பதவி இழந்த தங்க தமிழ்ச்செல்வன். வென்றவர் தங்க தமிழ்ச்செல்வன்.

இதைப் படித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். 2017-இல் ஒருவரை நம்பி அனைத்தையும் இழந்தவர், ஏழாண்டு கழித்து அவரைத் தோற்கடித்த இரவில் என்ன நினைத்திருப்பார்? வெற்றியாக இருந்திருக்கலாம், பழைய விசுவாசத்தின் ஏதோ ஒரு நெருடலும் இருந்திருக்கலாம். செய்தித்தாள் அதைச் சொல்லாது. அவரே சொல்ல மாட்டார். புனைவுக்கு மட்டுமே அந்த அறைக்குள் போக அனுமதி உண்டு. அந்த அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் புனைவாளர்கள் வாசலில் நின்று துணுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கோரிக்கை இரண்டு. தீர்ப்புகள் பொது ஆவணங்கள். அவற்றை எடுத்துப் படியுங்கள். ஒரே ஏட்டை இரு நீதிபதிகள் இரண்டாக வாசித்த இடத்திலேயே முதல் அங்கம் தொடங்கிவிடும். இரண்டாவதாக, எவர் எழுதினாலும், பதினெட்டு நாற்காலிகளை இருபது மாதம் காலியாகவே மேடையில் வைத்திருங்கள். விடுதிக் காட்சியின்போதும் அவை அங்கேயே இருக்கட்டும். அவற்றுள் எட்டில் உட்கார வேண்டியவர்கள் யார் சார்பாக உட்கார வேண்டியவர்கள் என்பது பார்வையாளருக்கு நினைவிருக்கட்டும். அப்படி ஒன்று எழுதப்படும் நாளில் குற்றாலத்தில் நடந்ததை நாடகம் என்று சொல்ல நமக்குத் தடையில்லை.